முப்பது மணி நேரத்துக்கு ஒரு பாகப்பிரிவினை

ஒரு பெற்றோர் கேட்ட கேள்வி இதுதான்: மகளுக்கு ஒரு தன்னாட்சிக் (தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும்) கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது. பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் முதல் பருவத்தில் வரலாறு மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. மிச்சமெல்லாம் தமிழ், ஆங்கிலம், எலெக்டிவ் (விருப்பப் பாடம்), என்எம்இ (வேறு துறைத் தாள்) என்று போகிறது. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? தனியார் பல்கலைக்கழகங்கள் 'லிபரல் ஆர்ட்ஸ்' (பல துறைகளையும் கலந்து படிக்கும் படிப்பு) என்று பல லட்சம் வாங்கிக்கொண்டு தருவதும் இதுவும் ஒன்றுதானா?

நான் முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தியவன். அதில் ஆறு வருடம் துறைத்தலைவர். துறைத்தலைவர்தான் பாடத்திட்டக் குழுவுக்கும் தலைவர் என்பதால் அந்த வேலையும் தலையில் விழுந்தது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆறு 'டே ஆர்டர்', அதாவது ஆறு நாள் கொண்ட கால அட்டவணைச் சுற்று. மொத்தம் 30 மணி நேரம். திங்கட்கிழமை என்றால் டே ஆர்டர் ஒன்று என்று அர்த்தமில்லை. வியாழக்கிழமை விடுமுறை வந்தால் அன்றைக்கு நடக்க வேண்டிய நான்காம் டே ஆர்டர் வெள்ளிக்குத் தள்ளிப் போகும். ஒரு துறையின் வகுப்புகள் மட்டும் எல்லா விடுமுறையிலும் அடிபடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பாடத்திட்டம் போடுகிறவர்களுக்குக் கையில் இருக்கும் சொத்து இந்த முப்பது மணி நேரம்தான். அது கூடாது, குறையாது. அப்பா விட்டுப்போன அரை கிரவுண்டு மாதிரி. அதற்குள்தான் எல்லாப் பிள்ளைகளும் வீடு கட்டியாக வேண்டும்.

2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி முதல் பருவத்தின் பங்கு இப்படி வரும்: தமிழ் அல்லது வேறு மொழி 6, ஆங்கிலம் 6, மேஜர் (முதன்மைப் பாடத்) தாள்கள் இரண்டு, தலா 5, எலெக்டிவ் 4, என்எம்இ 2, அடிப்படைத் தாள் 2. கூட்டினால் முப்பது. உங்கள் மகளின் கல்லூரியிலும் ஏறக்குறைய இதே கணக்குதான் இருக்கும். வரலாற்றுக்குப் பத்தே மணி நேரம் என்று நீங்கள் பார்த்தது சரிதான். பயப்பட வேண்டாம், மூன்றாம் ஆண்டில் மொழித்தாள்கள் முடிந்துவிடும். அப்போது ஏறக்குறைய முழு வாரமும் மேஜருக்கு வந்துவிடும்.

இனி, யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். காகிதத்தில் உள்ள பதில் ஒன்று, உண்மையில் நடப்பது ஒன்று.

காகிதத்தில்: தன்னாட்சிக் கல்லூரி என்றால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு, 'போர்டு' என்று நாங்கள் சொல்வது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி துறைத்தலைவர் தலைவர், துறை ஆசிரியர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்கள். முதல்வர் ஆறு பெயர் எழுதிக் கொடுக்க, அதிலிருந்து துணைவேந்தர் ஒருவரை நியமிப்பார். அவருக்குப் பெயர் 'யூனிவர்சிட்டி நாமினி'. தொழில்துறையிலிருந்து ஒருவர், நன்றாகப் படித்த பழைய மாணவர் ஒருவர். இவர்கள் கூடி வருடத்துக்கு ஒரு முறையாவது பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் அது கல்லூரி முழுமைக்குமான கல்விக் குழுவுக்குப் போகும். அங்கே ஒரே நாளில் எல்லாத் துறைகளின் பாடத்திட்டமும் வரும். ஒரு துறைக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.

இந்தத் தன்னாட்சி தமிழ்நாட்டில் 1978-ல் வந்தது. லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அந்த முதல் வரிசைதான். அதற்கு முன்பு எல்லாக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகம் போட்டதுதான் பாடத்திட்டம். இன்றைக்கும் தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளில் நிலைமை அதேதான். அங்கே முப்பது வருடம் பாடம் நடத்தியவர்கூட அந்தப் பாடத்தில் ஒரு வரியை மாற்றாமலே ஓய்வு பெறலாம்.

உண்மையில் நடப்பதைச் சொல்ல எங்கள் போர்டு கூட்டம் ஒன்றைச் சொன்னால் போதும். பிப்ரவரி மாதம், சனிக்கிழமை. கருத்தரங்க அறையில் ஏசி போட்டு, மேஜைமேல் ஆளுக்கொரு ஸ்பைரல் பைண்டிங் செய்த வரைவு, ஒரு பேனா, தண்ணீர் பாட்டில். வல்லுநர்கள் இருவரும் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருப்பார்கள். வந்தவுடன் பயணப்படி படிவத்தில் கையெழுத்து. பதினோரு மணிக்குச் சமோசா. அன்றைக்கு எங்கள் வரைவில் தமிழகக் கல்வெட்டியலை ஒரு மேஜர் தாளாகப் போட்டிருந்தோம். வல்லுநர்களுக்கு மகிழ்ச்சி. நாமினி மட்டும் கேட்டார்: "யார் நடத்துவார்கள்?" எங்களில் ஒருவர்தான் கல்வெட்டு படித்தவர், அவர் அடுத்த வருடம் ஓய்வு. ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. கடைசியில் கல்வெட்டியல் எலெக்டிவாக இறங்கியது. அதன் இடத்தில் சுற்றுலாவியல் மேஜராக ஏறியது. சுற்றுலாவியல் நடத்த மூன்று பேர் இருந்தோம். மாணவர்களுக்கு எது தேவை என்ற பேச்சு அந்த ஒரு மணி நேரத்தில் பழைய மாணவி வாயிலிருந்துதான் ஒரு முறை வந்தது.

இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நாமினி கேட்டது நியாயமான கேள்வி. நடத்த ஆளில்லாத தாளை அச்சடித்து வைத்து என்ன செய்வது? ஆனால் பாடத்திட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டால், அறிவுத்துறைகளின் தத்துவத்தில் விடை தேடாதீர்கள், ஆசிரியர்களின் பணிச்சுமைக் கணக்கில் தேடுங்கள் என்பதுதான் என் பதில்.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது யுஜிசி கணக்கு. ஒரு கல்லூரியில் பத்து இளங்கலைப் பிரிவுகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் இரண்டு ஆண்டும் தமிழ் உண்டு. ஆக இருபது வகுப்பு, வகுப்புக்கு ஆறு மணி நேரம், மொத்தம் 120. பதினாறால் வகுத்தால் ஏழரை ஆசிரியர். "ஆறு மணி நேரம் எதற்கு, நாலு போதாதா?" என்று யாராவது கேட்டால் 80 மணி நேரம், ஐந்து ஆசிரியர். வேலை போகிறவர்கள் யார்? நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் இல்லை. தற்காலிகமாக அமர்த்தப்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். அதனால்தான் எந்தக் கல்லூரியிலும் இந்த ஆறைத் தொட யாருக்கும் கை வருவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். மாணவர்களுக்கு முதல் ஆண்டோடு மொழித்தாள் முடிந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அரசு அதை மற்றவர்களைப்போல நான்கு பருவமாக்கியபோது வணிகவியல் துறைகளில் முணுமுணுப்பு எழுந்ததும் தமிழ்த் துறைகளில் நிம்மதி பிறந்ததும் இதே கணக்கால்தான்.

ஆறு மணி நேரம் அதிகம் என்று ஒரு காலத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தவன். பிறகு மனம் மாறியதற்கு இலக்கியப் பற்று காரணமில்லை. மொழி வகுப்பு ஒன்றுதான் பல துறை மாணவர்கள் ஒரே அறையில் உட்காரும் இடம். மணி அடித்ததும் இயற்பியலும் வரலாறும் பொருளாதாரமும் கலைந்து, தமிழ் எடுத்தவர்கள் ஓர் அறைக்கும், இந்தி எடுத்தவர்கள் ஓர் அறைக்கும், பிரெஞ்சில் மார்க் அள்ளலாம் என்று போனவர்கள் இன்னோர் அறைக்கும் போவார்கள். மற்ற நேரமெல்லாம் மூன்று வருடமும் அதே அறுபது முகம்தான்.

மொழியும் பாடமும் சேர்ந்த இந்த ஏற்பாடு பழையது. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவருடைய ஆசிரியராக இருந்த கரோல் விசுவநாத பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய செமினரியோடு (உயர்கல்விக் கூடம்) தொடர்புள்ளவர்கள். அங்கே ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல், தர்க்கம் எல்லாம் ஒரே மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். லிபரல் ஆர்ட்ஸ் என்று இன்று விளம்பரம் செய்யும் சரக்கு, தமிழ்நாட்டுக்கு யாழ்ப்பாணம் வழியாக எப்போதோ வந்து இறங்கிவிட்டது. கணக்கும் வானியலும் படித்த தாமோதரம் பிள்ளைதான் பின்னாளில் உட்கார்ந்து கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்தார்.

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். மணி நேரம் ஒன்று, கிரெடிட், அதாவது பட்டத்தில் ஒரு தாளின் எடையைக் காட்டும் எண், வேறொன்று. வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்பதுதான் பொது வழக்கு. ஆனால் மேலே சொன்ன மாதிரிப் பாடத்திட்டத்தில் ஆறு மணி நேரத் தமிழுக்கு 3 கிரெடிட், ஐந்து மணி நேர மேஜருக்கு 5. மூன்று வருடத்தில் 140 கிரெடிட் சேர வேண்டும். மாணவர்கள் கெட்டிக்காரர்கள், எந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கிரெடிட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். அதுவும் முதுகலைச் சேர்க்கையில் பகுதி மூன்றின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டுமா!

பகுதி என்றேன். பகுதி ஒன்று தமிழ் அல்லது மாற்று மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்று மேஜரும் அதைச் சார்ந்தவையும், நான்கு சில்லறைத் தாள்கள், ஐந்து என்எஸ்எஸ், என்சிசி மாதிரி வெளிப்பணி. இதில் பகுதி மூன்றில் இருக்கும் 'அலைடு', அதாவது வேறு துறை சார்ந்த துணைப் பாடம்தான் ரசமான இடம். எங்கள் தலைமுறை இதை 'ஆன்சிலரி' என்று சொல்லும். இப்போது எலெக்டிவ் என்று பெயர் மாறியிருக்கிறது. இயற்பியல் மாணவனுக்குக் கணிதம் தேவை, கணித மாணவனுக்கு இயற்பியல் நல்லது என்ற நல்லெண்ணத்தில் பிறந்தது. நாளடைவில் பண்டமாற்று ஆகிவிட்டது: நீ எனக்கு ஆறு மணி நேரம் கொடு, நான் உனக்கு ஆறு தருகிறேன்.

நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு 'இங்கிலாந்தின் சமூக வரலாறு' என்று ஓர் அலைடு தாள் தமிழ்நாடு முழுக்க உண்டு. எங்கள் கல்லூரியில் அதை வரலாற்றுத் துறை நடத்தி வந்தது. ஒரு வருடம் ஆங்கிலத் துறையின் போர்டு கூடி, இதை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று தீர்மானம் போட்டது. அவர்கள் சொன்ன காரணம்: டியூடர் காலத்தை ஷேக்ஸ்பியரோடு சேர்த்து நடத்தினால்தான் மாணவர்களுக்குப் பிடிபடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மைக் காரணம், அவர்களிடம் இரண்டு ஆசிரியர்களுக்கு மணி நேரம் குறைந்திருந்தது. நாங்கள் இழந்தது ஆறு மணி நேரம். அடுத்த ஜூனில் எங்கள் துறையில் பகுதி நேரமாக நடத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு வேலை இல்லை என்று நான்தான் போனில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக அதே வருடம் எங்கள் மாணவர்களின் அலைடு தாள் ஒன்றைப் பொருளாதாரத் துறையிடமிருந்து நான் பறித்துக்கொண்டேன். அந்தத் துறையில் யாருக்குப் போன் போயிற்றோ, கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது யூனிட், ஒரு தாளின் பாடப் பகுதி. எங்கள் வழக்கில் ஒரு தாள் என்றால் ஐந்து யூனிட். ஹரப்பாவானாலும் ஐந்து, பிரெஞ்சுப் புரட்சியானாலும் ஐந்து. ஏன் ஐந்து? வினாத்தாள் அப்படி. வெளித்தேர்வு 75 மதிப்பெண்: பகுதி அ-வில் பத்துக் கேள்வி, தலா 2, பகுதி ஆ-வில் 'இது அல்லது அது' என்று ஐந்து, தலா 5, பகுதி இ-யில் ஐந்தில் மூன்று, தலா 10. யூனிட்டுக்கு இரண்டு, ஒன்று, ஒன்று என்று கேள்வி எடுத்தால் கணக்கு கச்சிதமாக உட்காரும். கேள்வித்தாள் சட்டையை முதலில் தைத்துவிட்டு, அதற்கேற்ப வரலாற்றை வெட்டுகிறோம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பருவம் பதினைந்து வாரம் என்பார்கள். இன்டர்னல் தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை எல்லாம் போக நாலு யூனிட் ஒழுங்காக நடக்கும். ஐந்தாவது யூனிட் கடைசி நான்கு நாளில் ஓடும். மாணவர்களும் ஐந்தில் மூன்று என்ற சலுகையில் அதைத்தான் விடுவார்கள். வரலாற்றில் ஐந்தாம் யூனிட் என்பது காலவரிசைப்படி கடைசிக் காலம். விளைவு? நவீன இந்திய வரலாறு என்ற தாளில் சுதந்திரத்துக்குப் பிந்தைய பகுதி ஐந்தாம் யூனிட்டில் கிடக்கும். மூன்று வருடம் வரலாறு படித்து வெளியே வருகிற பிள்ளைக்கு 1947 ஆகஸ்ட்டோடு நாடு முடிந்துவிடுகிறது. மொழிவாரி மாநிலம், நெருக்கடி நிலை, மண்டல் குழு பற்றி இரண்டு மதிப்பெண் அளவுக்குத்தான் தெரியும். இது யாருடைய சதியும் இல்லை. யூனிட் வரிசை செய்த வேலை.

நடுவில் இன்னொரு சுமை வந்து சேர்ந்தது. யுஜிசி 2015-ல் விருப்பத்தேர்வு கிரெடிட் முறையை நாடெங்கும் வலியுறுத்தியது, அதன் பின்னால் 'கற்றல் விளைவு' சார்ந்த பாடத்திட்டம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றுக்குக் கிரெடிட் முறை முன்பே பழக்கம்; புதிதாக வந்தது அட்டவணைதான். ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து கற்றல் விளைவு எழுத வேண்டும். அவை கே1 முதல் கே6 வரை எந்த அறிவு நிலை என்று குறிக்க வேண்டும். பிறகு அந்த விளைவுகள் பட்டப்படிப்பின் பொது விளைவுகளோடு எப்படிப் பொருந்துகின்றன என்று கட்டம் போட்டு 3, 2, 1 என்று எண் நிரப்ப வேண்டும். சோழர் நிர்வாகம் 'தொடர்பாடல் திறன்' என்பதோடு பலமாகப் பொருந்துகிறதா, மிதமாகவா? நாங்கள் நாலு பேர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து இதை நிரப்பியிருக்கிறோம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கேட்பார்கள் என்பதால். முன்பெல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்த பாடத்திட்டம் இப்போது மூன்று பக்கம். பாடம் அதே அரைப் பக்கம்தான்.

பகுதி நான்கில் உள்ள என்எம்இ, அதாவது வேறு துறையிலிருந்து எடுக்கும் இரண்டு மணி நேரத் தாள், நல்ல யோசனை. பல கல்லூரிகளில் அதில் விருப்பம் மாணவருடையது இல்லை, துறையுடையது. "பி.ஏ. வரலாறு முழு வகுப்பும் தாவரவியல் என்எம்இ" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள், டைம்டேபிள் போட அதுதான் சுலபம். அப்படித்தான் எங்கள் வகுப்பு ஒன்று காளான் வளர்ப்புக்குப் போனது. ஆளாளுக்குப் புலம்பினார்கள். டிசம்பரில் ஒரு மாணவி துறை அறைக்கு வந்து என் மேஜைமேல் ஒரு பாலித்தீன் பொட்டலத்தை வைத்தாள். விடுதி மாடிப்படிக்குக் கீழே வைக்கோல் பை கட்டித் தொங்கவிட்டு வளர்த்த சிப்பிக்காளான். என் வீட்டில் அன்றைக்கு அதுதான் குழம்பு. மேஜரில் அவள் எழுதிய எந்த விடைத்தாளும் எனக்கு இவ்வளவு ஞாபகம் இல்லை.

பள்ளியில் தமிழே படிக்காமல், பகுதி ஒன்றிலும் வேறு மொழி எடுத்தவர்களுக்கு என்எம்இ-க்குப் பதில் அடிப்படைத் தமிழ். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பிரெஞ்சுக்குத் தாவியவர்களுக்குச் சிறப்புத் தமிழ். சுற்றுச்சூழல் கல்வி எல்லோருக்கும் கட்டாயம். அது போர்டில் யாரும் யோசித்துப் போட்டதில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் போட்ட உத்தரவின் வழியாக வந்தது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் தாள்கள் அரசிடமிருந்து வந்தவை. ஆக, போர்டு கூடும்போது முப்பது மணி நேரத்தில் பாதிக்குமேல் ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. மிச்சத்தில்தான் நாங்கள் கல்வெட்டியலா சுற்றுலாவியலா என்று மல்லுக்கட்டுகிறோம். 2023-ல் அந்த மாதிரிப் பாடத்திட்டத்தைப் பொதுவாக எல்லோரும் ஏற்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்ததன் காரணம் இப்போது புரியும். இருக்கிற மிச்சமும் போய்விட்டால் போர்டு கூடுவது சமோசாவுக்குத்தான்.

தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பற்றிக் கேட்டீர்கள். சோனிபட்டில் 2014-ல் தொடங்கிய அசோகா, நமக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா போன்றவை பின்பற்றுவது அமெரிக்க வழி. அங்கே முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான்: சேரும்போதே மேஜரைச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எல்லோருக்கும் பொதுவான அடித்தளத் தாள்கள். பல துறைகளையும் எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு மேஜர். நம் பிள்ளை பதினேழு வயதில், அதுவும் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த குரூப்பை வைத்து, விண்ணப்பத்தில் டிக் அடித்ததோடு மேஜர் முடிவாகிவிடுகிறது.

ஆனால் அமெரிக்காவிலும் இது ஒரே மாதிரி இல்லை. ஹார்வர்டில் 1869 முதல் நாற்பது வருடம் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு அடுத்து வந்தவர் அதை மாற்றி, ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று விதி போட்டார். கொலம்பியாவில் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல், எல்லா மாணவரும் படித்தே ஆக வேண்டிய சமகால நாகரிகம் என்ற பாடம் தொடங்கியது. இன்றும் நடக்கிறது, சிறு சிறு வகுப்புகளாக. பிரவுன் பல்கலைக்கழகம் 1969-ல் நேரெதிராகப் போய்ப் பொதுக் கட்டாயப் பாடங்களையே எடுத்துவிட்டது; மாணவர்கள் கேட்டு வாங்கிய மாற்றம் அது. பரந்த படிப்பு வேண்டும் என்பதில் சண்டை இல்லை; பரப்பை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சண்டை.

நம் கலை அறிவியல் கல்லூரியிலும் பரப்பு இருக்கிறது. மொழி, அலைடு, என்எம்இ, சுற்றுச்சூழல் எல்லாம் அதற்காகவே வந்தவை. தேர்ந்தெடுப்பதுதான் மாணவர் கையில் இல்லை. வகுப்பின் அளவும் ஒரு வித்தியாசம்: இருபது பேர் உட்கார்ந்து வாதம் செய்யும் வகுப்புக்கும், அறுபது பேர் நோட்ஸ் எடுக்கும் வகுப்புக்கும் ஒரே பாடத்திட்டம் கொடுத்தாலும் இரண்டு வேறு படிப்பு. நீங்கள் கட்டும் லட்சங்களில் பெரும்பகுதி அந்த இருபது பேர் வகுப்புக்குத்தான் போகிறது. மற்றபடி அங்கே சொல்லிக் கொடுக்கிற எதுவும் இங்கே கிடைக்காத ரகசியம் இல்லை.

நான்கு வருடப் பட்டம் பற்றியும் உங்களுக்குக் குழப்பம் இருக்கலாம். யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தில் மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஹானர்ஸுக்கு 160. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-ல் ஒரு முறை நான்கு வருடம் கொண்டுவந்து, மறு வருடமே கைவிட்டு, 2022-ல் மறுபடி தொடங்கியது. தமிழ்நாட்டில் உங்கள் மகள் சேர்ந்திருப்பது வழக்கமான மூன்று வருடப் படிப்புதான். எம்.ஏ. இங்கேயே படிப்பதாக இருந்தால் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கல்லூரியின் ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) பிடிஎஃப் இணையதளத்தில் இருக்கும். எந்த வருட ரெகுலேஷன் என்று முதலில் பாருங்கள். சேர்ந்த வருடத்துப் பாடத்திட்டம்தான் அவளுக்கு மூன்று வருடமும், நடுவில் மாறினாலும் புதியது ஜூனியர்களுக்குத்தான். அரியர் வைத்தால் மட்டும் பழைய தாள் இல்லாமல் போய், அதற்கு இணையான தாள் எது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அலைய நேரும். எலெக்டிவ் பக்கத்தில் நாலைந்து தலைப்பு கவர்ச்சியாக அச்சாகியிருக்கும். அதில் போன வருடம் நிஜமாக நடந்தவை எவை என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் நடந்திருக்கும். எங்கள் கல்வெட்டியல் எலெக்டிவ் எத்தனை வருடம் நடந்தது தெரியுமா? ஒன்றே ஒன்று. பாடத்திட்டத்தில் இன்னும் இருக்கிறது.

நடக்காத எலெக்டிவை வகுப்பாகச் சேர்ந்து எழுதிக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஒரு ஆள் கேட்டால் துறைத்தலைவர் சிரிப்பார். பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டைம்டேபிளை எடுத்துப் பார்ப்பார். நானே அப்படி இரண்டு முறை பணிந்திருக்கிறேன். என்எம்இ-யை மாணவரே தேர்ந்தெடுக்க விடும் கல்லூரியாக இருந்தால் பதிவு திறந்த அன்றே போய்விட வேண்டும், மதியத்துக்குள் நல்லதெல்லாம் நிரம்பிவிடும். மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் பாடங்களுக்கு யுஜிசி கிரெடிட் மாற்ற அனுமதிக்கிறது, ஆனால் அந்தக் கல்லூரி அதை மேஜருக்கு ஈடாக ஏற்கிறதா, வெறும் கூடுதல் கிரெடிட்டாகத்தான் வைக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு தாளிலும் ஐந்தாம் யூனிட்டை விடுமுறையிலேயே அவள் சொந்தமாகப் படித்துவிடட்டும். வகுப்பில் அது வரும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று, முதல் வாரம் கிளம்பும்போது அன்றைக்கு எந்த டே ஆர்டர் என்று பார்த்துக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். திங்கட்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் டே ஆர்டருக்கு வந்து நிற்காத பிள்ளையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.